புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் கோயிலும் எங்கள் தோட்டத்துக் கஞ்சிப் பானையும்



ஜூலை மாதம் நெருங்கிவிட்டால் வட பேராக், தென் கெடாத் தோட்டங்களில் ஒரே பேச்சுத்தான். "இந்த வருசம் பஸ் பேசுறது யாரு? தலைக்கு எத்தனை வெள்ளி?" கிறிஸ்தவர்கள் மட்டும் கேட்கிற கேள்வி இது என்று எண்ணிவிடாதீர்கள். நெற்றியில் திருநீறு இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படாத நானும் கேட்கிறவள்தான். புக்கிட் மெர்த்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு எங்கள் தோட்டத்திலிருந்து புறப்படும் பஸ்ஸில் பாதிப் பேர் மாரியம்மன் கோயிலில் தீமிதித்தவர்களாகத்தான் இருப்பார்கள். தாய்மார்களுக்கு ஒரு தாய் அவள். அவளிடம் போகப் பெயர்ப் பதிவேடு எதற்கு?

உங்களில் பலர் அங்கே போயிருப்பீர்கள். போகாதவர்களுக்காகவும், போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அவசரமாகத் திரும்பிவிட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நாங்கள் விடியுமுன் புறப்படுவோம். நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனாலும் பெரியவர்கள் பழைய சாலையைத்தான் கேட்பார்கள். பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் தெபால், சுங்கை பாக்காப் என்று ஊர் ஊராக வரும். செம்பனை முடிந்ததும் கிரியான் வயல்வெளி திறந்துகொள்ளும். அந்த வயல்களுக்குத் தண்ணீர் தருவது 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா ஏரி. பாகான் செராய்ப் பக்கம் பஸ் வரும்போது எங்கள் கூட்டத்துக் கத்தோலிக்கப் பாட்டிமார் சிலுவை போட்டுக்கொள்வார்கள். 1880-களில் பிரெஞ்சுப் பாதிரிமார் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியேற்றிய பகுதி அது. அவர்களில் சிலருடைய பாட்டன் பூட்டன் அங்கே நாற்று நட்டவர்கள்.

புக்கிட் மெர்த்தாஜாம் பட்டணத்தில் பசியாறிவிட்டுக் கூலிம் சாலையில் திரும்பினால் மலை எதிரே எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில்தான் கோயில். முதலில் கண்ணில் படுவது 2002-இல் கட்டிய பெரிய ஆலயம். அதன் கூரை மினாங்கபாவ் வீட்டுக் கூரைபோல இரு முனையும் ஏறி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். மலைப் பக்கம் சற்று ஏறிப் போனால் 1888-இல் கட்டிய பழைய கோயில் இருக்கிறது. என் மனம் ஒட்டுவது அதனிடம்தான்.

இதை உண்டாக்கியவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். காடு வெட்டித் தோட்டம் போட்டுப் பிழைக்க வந்த சீனக் கத்தோலிக்க விவசாயிகள். 1846-இல் ஒரு சிறு சிற்றாலயம் எழுந்தது. மக்கள் பெருகப் பெருகக் கோயிலும் பெருகியது. பிறகு சோதனையும் வந்தது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு இந்தப் பகுதி கறுப்புப் பகுதியாக்கப்பட்டது. மக்கள் வெளியேறினார்கள், பூசை நின்றது, சுற்றிலும் காடு மண்டியது. கம்பி வேலிக்குள் அடைபட்டு வாழ்ந்த காலத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் அன்னம்மாளும் அப்படித்தான் இருந்தாள். பல ஆண்டுகள் கழிந்துதான் திருநாள் மறுபடியும் பழைய இடத்துக்கு வந்தது. 2019-இல் இந்த ஆலயத்துக்குப் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதி ரோமாபுரியிலிருந்து கிடைத்தது. அடுத்த ஆண்டே கோவிட் வந்து மக்களை வீட்டில் அடைத்துவிட்டது. அந்த ஜூலையில் எங்கள் பாட்டிமார் கைத்தொலைபேசிக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டார்கள்.

கோயில் வளாகத்துக்குள்ளேயே இன்னொன்றும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போனால் முதலில் அதைத்தான் காட்டுவேன். ஒரு பெரிய பாறை. அதில் பல்லவ எழுத்தில் சமஸ்கிருத வரிகள் வெட்டியிருக்கின்றன. 1845-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி கண்டு எழுதிவைத்தார். செரோக் தோக்குன் கல்வெட்டு என்பார்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் கப்பல் வந்து இறங்கிய காலத்து எழுத்து, ஏறக்குறைய 1,500 ஆண்டுப் பழமை. காஞ்சியை ஆண்டவர்களின் எழுத்து இங்கே ஒரு பாறையில். அதற்குப் பக்கத்தில் சீனர் கட்டிய கோயில். அதற்குள் யூத குலத்துப் பாட்டி ஒருத்தியின் சிலை. வெளியே தமிழில் செபமாலை. இந்த நாட்டில் யார் முதலில் வந்தவர், யார் பிறகு வந்தவர் என்று சண்டை பிடிக்கிறவர்களை அந்தப் பாறை முன்னால் ஒரு மணி நேரம் உட்காரவைக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அன்னம்மாள் யார் என்று கேட்பீர்கள். மரியன்னையின் தாய், இயேசுநாதருக்குப் பாட்டி. அவள் பெயர் பைபிளில் இல்லை. ஆதிக் கிறிஸ்தவர்களின் பழைய ஏடு ஒன்றில் இருக்கிறது. நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்தவள் என்று அதில் சொல்லியிருக்கிறது. அதனால்தான் பிள்ளை வரம் கேட்பவர்கள், பிள்ளைக்காக அழுகிறவர்கள், பேரப்பிள்ளை வளர்க்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் வருகிறார்கள். திருநாள் ஜூலை 26. அதற்கு முன் ஒன்பது நாளும் நவநாள். தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் என்று மாறி மாறிப் பூசை நடக்கும். சிங்கப்பூரிலிருந்தும் வருகிறார்கள். இரவில் மெழுகுவத்திப் பவனி புறப்படும்போது மலையடிவாரம் முழுவதும் மின்மினி இறங்கியதுபோல் இருக்கும். கோயில் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போவதும் வழக்கம். எங்கள் ஆட்கள் ஆளுக்கு நாலு போத்தல் கொண்டுவருவார்கள்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு காரணத்துக்காக வருகிறார்கள். ஒன்று கேட்க, இன்னொன்று நன்றி சொல்ல. நன்றி என்ற சொல்லை நாம் வாயால் அதிகம் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? மேடையில் நன்றியுரை உண்டு, திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆனால் லயத்தில் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தவரிடம் யாராவது "நன்றி" என்கிறோமா? சொன்னால் "என்ன, என்னை வேத்தாளாக்கிட்டியா?" என்பார்கள். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தராமல் ஒரு பிடி முருங்கைக் கீரையாவது போட்டுத் தருவோம். அதுதான் நம் நன்றி. கத்தோலிக்கர்கள் நற்கருணை என்று சொல்கிற திருவிருந்துக்குக் கிரேக்க மொழியில் உள்ள பெயரின் பொருளே நன்றி செலுத்துதல்தான் என்று ஒரு சாமியார் எனக்குச் சொன்னார். அப்படியென்றால் அவர்களுடைய நன்றியும் சாப்பாட்டில்தான் இருக்கிறது.

எங்கள் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்காரும் பாட்டி ஒருவர் உண்டு. வயது 70-க்கு மேல். பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கியவர். கத்தோலிக்கக் குடும்பம். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆகவே பாட்டி என்றே எழுதுகிறேன்.

1980-களில் அவருடைய கணவர் பால் ஏற்றும் லோரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கையில் இரண்டு சிறு பிள்ளைகள். காலையில் மரம் வெட்டிவிட்டு, பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் பட்டணம் போவாராம். வெறும் வயிறு. பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனக் கிழவர். அவருடைய மகள் தினமும் தூக்கில் கஞ்சி கொண்டுவருவாள். இரண்டாம் நாளே இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதிக் கஞ்சியை இவருக்கு ஊற்றினாளாம். அதற்குப் பிறகு தினமும் இரண்டு தூக்கு. "அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. ரெண்டு பேருக்கும் மலாயில சாப்பிடு, சாப்பிட்டேன், அவ்வளவுதான் தெரியும். அமோய்ன்னுதான் கூப்பிடுவேன்" என்பார் பாட்டி.

ஆறு வாரம் கழித்துக் கிழவர் இறந்துவிட்டார். மகள் பிறகு வரவில்லை. பாட்டியின் கணவர் பிழைத்து எழுந்தார். அன்னம்மாளுக்கு நேர்ந்துகொண்டபடி அடுத்த ஜூலையில் கணவர் உயரத்துக்கு மெழுகுவத்தி வாங்கி ஏற்றினார்கள்.

"அந்த மெழுகுவத்தி எரிஞ்சு முடிஞ்சிருச்சு, டீச்சர். கஞ்சிக் கடன் அப்படியே நின்னுச்சு. அவ வீடு எங்கேன்னு தெரியாது, பேரும் தெரியாது. யார்கிட்ட போய்த் திருப்பிக் கொடுக்கிறது? அன்னம்மாகிட்டயே கேட்டேன். வர்றவங்களுக்குக் கொடுத்துக்கிறேன், கணக்கை நீ பாத்துக்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

அன்றிலிருந்து எங்கள் லயத்தில் யார் படுத்தாலும் அந்த வீட்டுக்குக் கஞ்சி போகும். பிள்ளை பெற்றவள், காய்ச்சல்காரர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், யாராக இருந்தாலும் சரி. சாதி, சமயம் கேட்பதில்லை. பின்வாசல் வழியாகத்தான் போவார். முன்வாசலில் போனால் நாலு பேர் பார்ப்பார்கள், வாங்குகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்பார். சாமி கும்பிடு, கோயிலுக்கு வா என்று எந்த வீட்டிலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சம்சுக் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிற ஒருவன் கால் ஒடிந்து கிடந்தபோது அவனுக்கும் கொண்டுபோனார். எனக்கு அது பிடிக்கவில்லை, சண்டை போட்டேன். "அவனுக்குக் கஞ்சி, அவளுக்கு முட்டை" என்றார். பார்த்தால் அவன் மனைவிக்குத் தனியாக ஒரு பொட்டலம் இருந்தது. அவளுக்கு அண்ணன் வீட்டு விலாசத்தை எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்ததும் பாட்டிதான்.

ஆனால் தோட்டமே இரண்டுபட்டது மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான். அது ஒரு வங்காளதேசத்துப் பையனால். (நம் பக்கத்தில் வங்காளி என்றால் சீக்கியரைத்தான் சொல்வோம், இவன் வங்காளதேசத்திலிருந்து குத்தகைக்காரரிடம் வேலைக்கு வந்தவன்.) செம்பனை வெட்டும்போது குலை காலில் விழுந்துவிட்டது. முற்றிய மரத்துக் குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக் கொண்டுவந்து கொட்டகையில் படுக்கவைத்தார்கள். கூட இருப்பவர்கள் விடியுமுன் காட்டுக்குப் போய்விடுவார்கள். பகல் முழுவதும் தனியாகக் கிடப்பான்.

பாட்டி என்ன செய்தார் தெரியுமா? பட்டணம் போய்ப் புதுப் பானை, புதுக் கரண்டி, புதுத் தூக்கு வாங்கி வந்தார். தன் வீட்டுப் பானையில் பன்றி இறைச்சி சமைத்ததுண்டு, அவன் இஸ்லாமியன், அதனால் அது ஆகாது. கோழியும் மலாய்க்காரர் கடையில் வாங்கினார். புதுப் பானையை மற்ற பாத்திரங்களோடு சேர்க்காமல் தனியாக ஓர் ஆணியில் மாட்டிவைத்தார். அவன் கேட்கவுமில்லை, சோதிக்கவுமில்லை. கேட்காமல் இருந்தாலும் அவனுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது பாட்டியின் எண்ணம். இந்தச் சமாசாரத்தில் என்னை உலுக்கியது கஞ்சியல்ல, அந்த ஆணிதான்.

லயத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பாட்டியின் மகனே முதலில் வெடித்தான்.

"நம்ம வேலையைப் புடுங்கினவனுங்களுக்குச் சோறு ஆக்கிப் போடுறியா? பத்து வருசத்துக்கு முன்ன என் குலைவெட்டு வேலை எப்படிப் போச்சுன்னு மறந்துட்டியா?"

"மறக்கலடா. உன் வேலையை எடுத்தது அந்தப் பையனா, கம்மிக் கூலிக்கு ஆள் தேடினவங்களா? அவங்ககிட்ட போய்க் கேக்க உனக்குத் தைரியம் இல்ல. படுத்துக் கிடக்கிறவன்கிட்ட கோபம் மட்டும் வருது."

மகனுடைய வருத்தத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவன் இப்போது பிறை தொழிற்பேட்டைக்கு நாளும் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறான். குடியிருக்கும் வீடோ தோட்டத்து வீடு. பாட்டியின் பெயரில் இருந்து, நாளை காலி செய் என்றால் காலி செய்ய வேண்டியது. கூலி குறையக் குறைய யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்ற கணக்கு கஞ்சியால் தீராது. அதற்குச் சங்கமும் சட்டமும் வேண்டும். ஆனால் அந்தக் கணக்குத் தீரும்வரை ஒருவன் பட்டினி கிடக்க வேண்டுமா என்பதுதான் பாட்டியின் கேள்வி.

சட்டம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் பயன்படும். குத்தகைக்காரர் பையனின் விபத்தைப் பதிவு செய்யாமலே இருந்தார். "ரெண்டு மாசத்தில் சரியாயிடும்" என்றாராம். பாட்டி என்னிடம் வந்தார். "டீச்சர், சொக்சோன்னு ஒண்ணு இருக்காமே, வெளிநாட்டு ஆளுக்கும் உண்டா?" உண்டு. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பில் இருக்கும் நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நான் தாளில் எழுதிக் கொடுத்தேன். பாட்டி அதை எடுத்துக்கொண்டு தண்டலிடம் போனார், கிராணியிடம் போனார். மூன்று நாள் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கிராணி நல்ல மனிதர். குத்தகைக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். தாமதமாகத்தான், ஆனாலும் பாரம் போனது, பணம் வந்தது. இது கஞ்சியைவிடப் பெரிய உதவி இல்லையா என்று பாட்டியிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான். அது வயித்துக்கு, இது மானத்துக்கு" என்றார்.

பைபிளில் யாக்கோபு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. உடுத்த இல்லாதவனைப் பார்த்து, போய் நன்றாக இரு, குளிர் காய்ந்துகொள் என்று வாழ்த்தி மட்டும் அனுப்பினால் யாருக்கு என்ன பயன் என்று அதில் கேட்கிறார். செயலில்லாத விசுவாசம் செத்தது என்றும் சொல்கிறார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கடிதத்தைப் பூசையில் காதால் கேட்டதோடு சரி.

அந்த ஆண்டு ஜூலையில் நாங்கள் போனபோது தமிழ்ப் பூசையில் பத்துக் குஷ்டரோகிகளின் கதையைப் பிரசங்கித்தார்கள். இயேசுநாதர் பத்துப் பேரைக் குணமாக்கினார். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான். அவனும் அந்நிய ஜாதியான், சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று அவர் கேட்டார் என்பது கதை. வெளியே மர நிழலில் பொட்டலம் பிரித்துச் சாப்பிடும்போது பாட்டி யோசனையாக இருந்தார்.

"அந்த ஒன்பது பேரு பாவம், டீச்சர். வீட்டைப் பார்த்து எத்தனை வருசமோ. ஓடிப்போய்ப் பிள்ளைங்களைப் பார்த்திருப்பாங்க. வழியில யாருக்காவது கஞ்சி ஊத்தினாங்களோ என்னவோ, நமக்கு என்ன தெரியும்?"

சாமியாரிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். "சும்மா இருங்க" என்று தொடையில் தட்டினார்.

பையனுக்குக் கால் குணமாகிவிட்டது, கொஞ்சம் தாங்கி நடக்கிறான். திருநாள் முடிந்து எங்கள் பஸ் வந்து நின்ற இரவில் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு பாட்டிக்கு முன்னால் நடந்தவன் அவன்தான். மகன் வாசலில் நின்று பார்த்தான். பேசவில்லை. அவர்கள் இருவரும் இன்றுவரை ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்ததில்லை. ஆனால் போன மழைக்காலத்தில் லயத்துக் கோடியில் ஒருவருக்குக் கஞ்சி கொண்டுபோகப் பாட்டியால் நடக்க முடியாதபோது, மகன் தூக்கை வாங்கி மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன்.

இந்த ஆண்டு போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ரயிலில் வருகிறவர்கள் புக்கிட் மெர்த்தாஜாம் நிலையத்திலேயே இறங்கிவிடலாம், பட்டர்வொர்த் வரை போக வேண்டியதில்லை. கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் 26-ஆம் தேதிக்கு முன்னால் ஒரு வார நாளில் போங்கள். பழைய கோயிலில் நிம்மதியாக உட்காரலாம். கல்வெட்டுப் பாறையைப் பிள்ளைகள் தொட்டுத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடை வேண்டும், வயதானவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி வேண்டும். போத்தலில் மறக்காமல் பெயர் எழுதி ஒட்டுங்கள். திரும்பும்போது பஸ்ஸில் எல்லாப் போத்தலும் ஒன்றுபோலவே இருக்கும், பாதி வழியில் சண்டை வரும்.